ஏணி சீரியலுக்குப் போனது எப்படி: ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சாயங்காலம் என்னிடம் பாஸ்கெட்பால் பழகும் பையன்களில் இரண்டு பேர் போன மாதம் வந்து, "சார், அந்த அண்ணன் மாதிரி நாங்களும் நடிக்கப் போலாமா, அவரும் பாஸ்கெட்பால்தானே?" என்று கேட்டார்கள். அடுத்த நாள் அதில் ஒருத்தனுடைய அம்மா கீரைக்கட்டோடு மைதானத்துக்கே வந்துவிட்டார். "ஆட்டத்தை விட்டாத்தான் நடிப்பு வருமா சார், இல்ல ஆடிக்கிட்டேவும் வருமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை விடப் பெரிய சங்கடம், அந்த அண்ணன் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பது.

அவன் என்னோடு கல்லூரியில் ஆடியவன். சரியாகச் சொன்னால் அவன் ஆடினான், நான் ஸ்கோர் ஷீட் எழுதினேன், ஐந்தடி நாலு அங்குலத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது. ஊரில் அவனைப் பற்றி ஓடும் கதை இதுதான்: புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சும்மா நடந்து போனான், ஒரு டைரக்டர் கண்ணில் பட்டான், ஆறடி மூணு அங்குலம், கூப்பிட்டு ஹீரோ ஆக்கிவிட்டார். இதில் உயரம் மட்டும்தான் சரி. அவன் ஹீரோ இல்லை, கடற்கரைச் சாலையும் இல்லை, அன்றைக்கு அவன் முகத்தை யாரும் பார்க்கவும் இல்லை.

அதனால் முழுசாக எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். உடற்கல்விப் படிப்பில் ஆளுக்கு ஒரு நிகழ்வு ஆய்வு எழுதச் சொல்வார்கள், அப்போது ஏனோதானோ என்று எழுதிக் கொடுத்தேன், இது அதற்குப் பரிகாரம். அவனிடம் கேட்டேன். "பேர் வேணாம், சீரியல் பேரும் வேணாம், மிச்சம் என்ன வேணா எழுதிக்கோடா" என்றான். ஆகவே கல்லூரியில் கூப்பிட்ட பெயரிலேயே போகிறேன்: ஏணி. சில்வர் பீச்சில் இரண்டு சாயங்காலம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துப் பேச வைத்தேன். மடியில் அந்தக் காலத்து ஸ்கோர் புத்தகம். கரையான் ஓரத்தை அரித்திருந்தாலும் எண்கள் பிழைத்திருந்தன.

ஸ்கோர் புத்தகம் சொல்வது

ஏணியின் வீடு கடலூர், கல்லூரி புதுச்சேரி. அப்பா அந்த வழித்தடத்திலேயே கண்டக்டர், அதனால் மூன்று வருஷம் தினமும் பஸ்ஸில் போய் வந்தான், முக்கால்வாசி நாள் படிக்கட்டில் தலையைக் குனிந்துகொண்டு. கடலூரிலேயே கல்லூரிகள் இருக்கும்போது ஏன் புதுச்சேரி என்றால், அவனுடைய பள்ளி பி.டி. சார் போட்ட கணக்கு அது. தமிழ்நாடு பெரிய குளம், மீன் அதிகம். புதுச்சேரி சின்னது, ஆறடிக்கு மேல் உள்ள பையன்கள் குறைவு, பல்கலைக்கழக அணிக்குள் நுழைவது கொஞ்சம் சுலபம். கணக்கு பலித்தது, அணிக்குள் நுழைந்தான். ஆனால் ஐந்து பேரில் ஒருவனாக அல்ல, பெஞ்சில்.

2012-13 சீசனின் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். 9 ஆட்டம், 31 பாயின்ட், 34 ஃபவுல். எடுத்த பாயின்ட்டை விட வாங்கிய ஃபவுல் அதிகமாக உள்ள ஆட்டக்காரன் என் புத்தகத்தில் அவன் ஒருத்தன்தான். ஐந்தாவது ஃபவுலில் ஆள் வெளியே போக வேண்டும் என்பது விதி, நாலில் நின்று சமாளிப்பது அவன் கலை. ஃப்ரீ த்ரோ 22 போட்டதில் 7 உள்ளே. வளையம் மாட்டிய போர்டிலிருந்து 4.6 மீட்டர், எதிரே யாரும் இல்லை, யாரும் கையை நீட்ட மாட்டார்கள், இருந்தும் அவன் பந்தை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டில் நின்றால் எங்கள் பெஞ்சே தலையைக் குனிந்துகொள்ளும்.

அவன் வேலை வேறு. எதிரணியில் பெரிய ஆள் ஒருவன் சூடு பிடித்து அடித்துக்கொண்டிருப்பான், கோச் சார் பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஏணி" என்பார். அவ்வளவுதான். போய் இரண்டு மூன்று நிமிஷம் அந்த ஆளை மறித்து, இடித்து, உள்ளே விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, ஒன்றிரண்டு பிடித்து, ஒரு ஃபவுலோடு திரும்பி வந்து உட்காருவான். 40 நிமிஷ ஆட்டத்தில் அவன் களத்தில் இருந்தது பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். மிச்ச நேரம் பெஞ்சில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குதிகாலை ஆட்டிக்கொண்டே இருப்பான், உடம்பு ஆறிவிடக் கூடாது என்று. அந்தக் குதிகால் ஆட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி எழுதிக் காட்ட வேண்டியதில்லை, முந்திரியும் பலாவும் போனவர்கள் இன்னும் அந்த வருஷத்தை வைத்துத்தான் வயசு சொல்கிறார்கள். எங்கள் கல்லூரி கோர்ட்டில் ஒரு வேப்பமரம் சாய்ந்து ஒரு பக்கத்து போர்டைத் தூணோடு கீழே தள்ளியது. மரத்தை ஒரு வாரத்தில் அறுத்து எடுத்துப் போனார்கள், போர்டு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை எங்களுக்கு ஒரே வளையம், பாதி கோர்ட். ஓட இடம் இல்லை என்பதால் கோச் சார் எல்லோரையும் டிஃபென்ஸில் நிற்க வைத்தே கொன்றார். காலை அகட்டு, முட்டியை மடக்கு, முதுகு நேர், கை விரி. "இன்னும் உட்காருடா. இன்னும் உட்காரு." ஏணியின் முதுகில் ஒரு கட்டைக் குச்சியை வைத்துப் பார்ப்பார், குச்சி சரிந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆறடி மூணு அங்குலக்காரனை ஐந்தரை அடிக்கு இறக்கி அப்படியே நிற்க வைக்கும் அந்தத் தண்டனை பிற்பாடு சோறு போடும் என்று யாருக்குத் தெரியும்.

முட்டி

2013 பிப்ரவரி, மூன்றாவது குவார்ட்டர். ரீபவுண்டுக்கு எகிறினான், பந்தைப் பிடித்தான், இறங்கினான். பக்கத்தில் யாரும் இல்லை. ஸ்கோரர் மேஜையில் இருந்த எனக்கு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சியை முறித்தது போல. அவன் விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு ரெஃப்ரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். 'ஃபவுல் இல்லை' என்பதற்காக அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டேன், அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். என்ற தசைநார் இப்படித்தான் பெரும்பாலும் அறுகிறது, யாரும் இடிக்காமல், குதித்து இறங்கும்போதோ ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதோ. இன்றைக்கு என்னிடம் படிக்கும் பையனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்புவேன். அன்றைக்கு நான் சொன்னது, "சுளுக்குடா, ரெண்டு நாள்ல சரியாயிடும்." அவன் வீட்டில் எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டுபவரிடம் கூட்டிப் போனார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, நடந்தான், எல்லோரும் கும்பிடு போட்டோம். அப்புறம் மாடிப்படியில் இறங்கும்போது முட்டி வழுக்க ஆரம்பித்தது. "கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்பான். ஐந்து மாதம் இப்படியே போய்க் கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது நார் முழுசாக அறுந்திருந்தது. கட்டுக்காரர் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் சுளுக்கு என்று முதலில் சொன்னவன் நான்.

தொடையின் பின்பக்கத்துத் தசைநாரை எடுத்து உள்ளே பொருத்தும் ஆபரேஷன். அப்பா பி.எஃப். பணத்தில் கை வைத்தார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். பொறுத்தான். ஆனால் அதற்குள் படிப்பு முடிந்திருந்தது. தமிழ்நாட்டில் பாஸ்கெட்பால் ஆடும் பையனுக்கு ஒரு வழி உண்டு: ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை என்று சென்னையில் அணி வைத்திருக்கும் இடங்கள், விளையாட்டு ஒதுக்கீடு, ஒரு மேஜை, ஒரு பென்ஷன். பெஞ்ச்காரனுக்கு அது எப்படியும் கஷ்டம்தான். அறுந்த முட்டியோடு என்றால் பேசவே வேண்டாம். ஒரே ஒரு டிரையலுக்குப் போனான், குதிக்கச் சொன்னார்கள், குதித்தான், இறங்கும்போது பயந்தான். பயந்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கை

2014-ல் புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. சாருக்கு உதவியாளாகச் சேர்ந்தான். சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று இருவரும் ஒப்பந்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். "உப்பளம் பக்கம் ஒரு கோர்ட்ல சீரியல் ஷூட்டிங்டா, காலேஜ் சீனாம், பின்னாடி ஆட பத்துப் பேர் வேணுமாம், ஆளுக்கு முந்நூறு ரூபா, மத்தியானம் பிரியாணி." புதுச்சேரியில் ஷூட்டிங் என்பது மழை மாதிரி, எந்தத் தெருவில் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களுக்கும் காகிதப்பூக் கொடிகளுக்கும் முன்னால் தினமும் யாராவது யாரையாவது காதலித்துக்கொண்டிருப்பார்கள். இந்த யூனிட் கோர்ட்டுக்கு வந்தது எங்கள் அதிர்ஷ்டம். நானும் போனேன், பிரியாணிக்காக.

ஹீரோவுக்குப் பந்து தட்ட வரவில்லை. நல்ல பையன், மரியாதையானவன், ஆனால் பந்தை அடுப்பில் சப்பாத்தி திருப்புகிற மாதிரி பயந்து பயந்து தொட்டான். நாலு டேக் ஆனதும் கேமராமேன், "விடுங்க, கையை மட்டும் க்ளோஸ்ல எடுத்துக்கலாம், தட்டத் தெரிஞ்ச கை ஒண்ணு கொடுங்க" என்றார். ஏணி முன்னால் போனான். ஹீரோ நல்ல சிவப்பு, ஏணி நம்ம ஊர் கடற்கரை நிறம். மேக்கப்மேன் வந்து விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் பஞ்சால் ஒத்தி ஒத்திப் பூசினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல, விரலிடுக்கு விடாமல். ஹீரோவின் வாட்சை மாட்டினார்கள், பிரேஸ்லெட் மாட்டினார்கள். பிரேஸ்லெட் இவன் மணிக்கட்டில் ஏற மறுத்தது, நூல் போட்டுக் கட்டினார்கள். வெயில் வேறு. வியர்வையில் பூச்சு பந்தில் ஒட்டிக்கொண்டு பந்தே சிவப்பாகிவிட்டது, அதைத் துடைக்க ஒரு ஆள்.

ஷாட் ஓடும்போது ஒன்று நடந்தது. ஏணி பந்தைப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே தலையைத் திருப்பி மானிட்டரைப் பார்த்து, பந்து ஃப்ரேமுக்குள் இருக்கிறதா என்று தானே சரி செய்துகொண்டான். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, பந்தைப் பார்த்துத் தட்டினால் சார் மண்டையில் தட்டுவார். ஆனால் உதவி இயக்குநர் ஒருவர் பக்கத்தில் வந்து, "பாக்காமலே எப்படிங்க தட்டுறீங்க?" என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொண்டார்.

அந்த எபிசோட் ஒளிபரப்பான அன்று அவன் வீட்டில் நானும் இருந்தேன். நாலு விநாடி வந்திருக்கும். "அம்மா, அது என் கை" என்றான். அவர் திரும்பாமலே, "தெரியுது, பெருவிரல்ல அருவாமணை கிழிச்ச தழும்பு, எவ்ளோ பூசினா என்ன" என்றார்.

ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. அப்புறம் அதே ஆள் கூப்பிட்டு, ஒரு நாள் வேலை, போலீஸ் கான்ஸ்டபிள், சென்னைக்கு வர முடியுமா என்றார். போனான். வாடகை யூனிஃபார்மில் பேன்ட் கணுக்காலுக்கு மேல் நின்றது, அதனால் அவனை ஜீப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள், வசனம் இல்லை. வேறு யாராவது இருந்தால் சோர்ந்துபோய்த் திரும்பியிருப்பார்கள். இவன் திரும்பி வந்து திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டெய்லரிடம் அளவு கொடுத்துக் காக்கி யூனிஃபார்ம் ஒன்று தைத்துக்கொண்டான். சினிமா, சீரியலில் சின்ன வேஷக்காரர்கள் உடுப்பைத் தாங்களே கொண்டுபோவது வழக்கம், சட்டை புடவை எல்லோரிடமும் இருக்கும், ஆறடி மூணு அங்குலத்துக்குச் சரியாகத் தைத்த போலீஸ் உடுப்பு யாரிடம் இருக்கிறது? அடுத்த இரண்டு வருஷத்தில், சின்ன வேஷங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் கோஆர்டினேட்டர்களின் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே ஒரே குறிப்பு: 'உயரம், சொந்த யூனிஃபார்ம்.' எத்தனை சீரியலில் எத்தனை பேரை ஜீப்பில் ஏற்றினான் என்று அவனுக்கே கணக்கு இல்லை. "நட, நட, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்", இதுதான் அவன் வசனம். ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய், அதில் கோஆர்டினேட்டருக்குக் கமிஷன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் செலவு, மிச்சத்துக்கு டீ.

கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்

இவன் ஒருத்தன் கதையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவரும் கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடி டிவிக்குப் போன அமெரிக்கர்கள்.

முதல் ஆள் சக் கான்னர்ஸ். 1921-ல் புரூக்ளினில் பிறந்தவர், ஏணியை விட உயரம், சீட்டன் ஹால் கல்லூரியில் ஆடினார். 1946-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தொடங்கியபோது அதில் இருந்தார். அந்த நவம்பரில், பாஸ்டனிலேயே நடந்த முதல் ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப்பில் பந்து போட்டபோது கண்ணாடி போர்டு நொறுங்கி விழுந்தது, வேறு போர்டு வரும் வரை ஆட்டம் காத்திருந்தது. (எங்களுக்கு ஒரு வருஷம், அவர்களுக்கு ஒரு சாயங்காலம்.) பேஸ்பாலும் ஆடினார், புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு 1949-ல் ஒரே ஒரு ஆட்டம், சிகாகோ கப்ஸுக்கு 1951-ல் 66 ஆட்டம். இரண்டிலும் பெரிய பேர் இல்லை. கப்ஸின் கீழ்மட்ட அணி இருந்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே ஆடிக்கொண்டிருந்தவரை எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் நடிகர்களைத் தேர்வு செய்யும் ஒருவர் பார்த்தார், 1952-ல் ஒரு படத்தில் சின்ன வேஷம் கிடைத்தது. என்ன வேஷம்? போலீஸ் அதிகாரி. இதைப் படித்ததும் ஏணிக்குப் போன் போட்டுச் சொன்னேன், "அவரு யூனிஃபார்ம் சொந்தமா, வாடகையா?" என்று கேட்டான். பிறகு 1958 முதல் 1963 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'தி ரைஃபிள்மேன்' தொடர், 168 எபிசோட், மகனைத் தனியாக வளர்க்கும் பண்ணைக்காரர் வேஷம். அதன்பிறகு அவரை ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லவில்லை.

கான்னர்ஸ் கதையை எல்லோரும் 'விளையாட்டு வீரர் நடிகரானார்' என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது ஊர்தான். கீழ்மட்ட அணி வேறு ஏதோ ஒரு ஊரில் இருந்திருந்தால் அந்த ஸ்டுடியோ ஆள் பந்தாட்டம் பார்க்க அங்கே போயிருப்பாரா? ஏணி சேலத்திலோ திருச்சியிலோ பி.டி. உதவியாளாக இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கை எங்கே இருந்திருக்கும்?

இரண்டாவது ஆள் மஹெர்ஷாலா அலி. இவர் கதை என் வாதத்துக்குக் கொஞ்சம் குறுக்கே நிற்கிறது, அதனால் மறைக்காமல் சொல்கிறேன். கலிபோர்னியாவில் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் பாஸ்கெட்பால் உதவித்தொகையில் படித்து 1996-ல் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே மேடை நாடகத்தில் இழுக்கப்பட்டு, பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடிப்பையே முறையாகப் படித்து 2000-த்தில் முதுகலை முடித்தார். அடுத்த வருஷமே டிவி தொடர், அதற்குப் பிறகு வரிசையாகத் தொடர்கள், 2017-லும் 2019-லும் இரண்டு ஆஸ்கர். யாரும் தெருவில் பார்த்துக் கூப்பிடவில்லை, தானே போய் உட்கார்ந்து படித்தார். என் பையன்கள் யாராவது உண்மையிலேயே நடிக்க ஆசைப்பட்டால் நான் காட்டப்போவது இவரைத்தான். ஏணியைப் போல ஆக வேண்டுமென்றால் முதலில் முட்டி அறுக்க வேண்டும், அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஃப்ரேமுக்குக் கீழே

2017-ல் ஒரு சீரியலில் நிரந்தரமாக ஒரு வேஷம் வந்தது: கதாநாயகியின் கணவனுக்கு அண்ணன். அதாவது அவளுக்கு மச்சாண்டார். நல்லவன், பேச்சுக் குறைவு, வீட்டில் நடக்கும் அநியாயத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பவன். பேச்சுக் குறைவாக இருந்ததற்குக் காரணம், அவனுக்கு அப்போது வசனம் அவ்வளவாக வராது.

நான் ஒரு முறை போரூர் தாண்டி அந்த ஷூட்டிங் வீட்டுக்குப் போனேன். கதாநாயகி ஐந்தடி ஒரு அங்குலம் இருப்பார். இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்து க்ளோஸ் வைத்தால் ஒன்று அவர் தலை இவன் மார்புக்கு வருகிறது, இல்லாவிட்டால் இவன் தலை ஃப்ரேமை விட்டு வெளியே போகிறது. அவருக்கு ஒரு மரப்பலகை போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. அப்போது கேமராமேன் சொன்னார், "சார், கொஞ்சம் இறங்குங்க." ஏணி காலை அகட்டினான், முட்டியை மடக்கினான், முதுகு நேர். "இன்னும் கொஞ்சம்." இன்னும் இறங்கினான். "இன்னும்." எனக்குக் கோச் சார் குரல் கேட்டது. இடுப்புக்கு மேலே, தம்பி மனைவி அழுவதைத் தாங்க முடியாமல் கண் கலங்கும் மச்சாண்டார். இடுப்புக்குக் கீழே, எதிரணியின் பெரிய ஆளை மறிக்க நிற்கும் ஏணி. இரண்டு பக்க வசனம், அதில் அவனுக்கு மூன்று வரி, மீதி நேரம் ரியாக்‌ஷன். ஆடாமல் அசையாமல் நின்றான். கட் சொன்னதும் நிமிர்ந்து வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், யாரும் கவனிக்கவில்லை.

டெய்லி சீரியல் என்பது வேகம். அரை மணி நேர எபிசோடுக்கு விளம்பரம் போக இருபது இருபத்திரண்டு நிமிஷம் படம் வேண்டும், வாரம் ஐந்தாறு நாள் ஓட வேண்டும், ஆகவே ஒரு நாளைக்கு ஒரு எபிசோடாவது எடுத்தாக வேண்டும். வசனம் அன்றைக்குக் காலையில்தான் கைக்கு வரும், சில நாள் மத்தியானம்கூட. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகப் படிப்பார், அதைக் காதில் வாங்கி, கண்ணை எதிராளியின் முகத்தில் வைத்துக்கொண்டு, தானாகத் தோன்றியது போலப் பேச வேண்டும். புதிதாக வருபவர்கள் ப்ராம்ப்டிங் வரும் பக்கம் கண்ணைத் திருப்பிவிட்டு மாட்டிக்கொள்வார்கள். ஏணிக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லையாம். "கோர்ட்ல சார் பக்கவாட்டுல இருந்து கத்துவாரு, நாம ஆளைப் பாத்துக்கிட்டேதானே கேப்போம், அதே காது" என்றான்.

அப்புறம் காத்திருப்பது. ஒன்பது மணிக்கு வரச் சொல்வார்கள், முதல் ஷாட் மூன்று மணிக்கு வரும். மேக்கப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறு மணி நேரம். சிலர் தூங்கி எழுந்து உப்பிய முகத்தோடு வருவார்கள், சிலர் போனில் சண்டை போட்டு அந்தக் கோபத்தோடு வருவார்கள். இவன் அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தான் தெரியுமா, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குதிகாலை ஆட்டிக்கொண்டு. "ஏணி" என்று கூப்பிட்டால் அடுத்த நொடி எழுந்து போகிற ஆள். அவன் நடிப்பைப் பற்றி என்னைக் கேட்டால், சுமார்தான். முகத்தில் மூன்று பாவம் உண்டு, மூன்றையும் நான் பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் கூப்பிட்டவுடன் ஆறாத உடம்போடு வந்து, முதல் டேக்கில் கொடுத்துவிட்டு, முகம் சுளிக்காமல் திரும்பிப் போய் உட்காருகிறவனைத் தினசரி ஓடும் வண்டியில் யார் இறக்கிவிடுவார்கள்? எங்கள் அணியில் முதல் ஐந்தில் ஆடிய ஒருத்தன், உண்மையான நட்சத்திரம், இவனைப் பார்த்து அவனும் இரண்டு நாள் நடிக்கப் போனான். இரண்டாம் நாள் மத்தியானம், "என்னைய உக்கார வெச்சுட்டானுங்கடா" என்று பஸ் ஏறி வந்துவிட்டான்.

மாலை போட்ட படம்

2020 மார்ச் 19 முதல் படப்பிடிப்புகள் எல்லாம் நின்றன. ஏணி கடலூர் வந்தான், இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில். தினமும் விடியற்காலை வீட்டுப் பின்பக்கம் ஒரு வளையத்தை அடித்துவைத்து நூறு ஃப்ரீ த்ரோ. நூறில் எழுபதுக்கு மேல் போகிறது என்று எனக்குப் போட்டோ அனுப்புவான். இதை 2013-ல் செய்திருக்கக் கூடாதா என்று பதில் போட்டேன். மே மாதக் கடைசியில் சின்னத்திரைக்கு முதலில் 20 பேர், பிறகு 60 பேர் வரை வைத்து எடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. ஆள் குறைக்க வேண்டும், கதையில் யாரைக் குறைப்பது? பேச்சுக் குறைவான மச்சாண்டாரைத்தான்.

ஷூட்டிங் கூட இல்லை. போனில் ஒரு போட்டோ கேட்டார்கள், சட்டை போட்டு நேராகப் பார்க்கிற மாதிரி. அனுப்பினான். அடுத்த வாரம் எபிசோடில் ஒரு விபத்துச் செய்தி, கதாநாயகி அலறல், அடுத்த காட்சியில் ஹால் சுவரில் அவன் படம், சந்தன மாலை, சின்ன பல்பு. அவன் அம்மா டிவியை அணைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் பாடலீஸ்வரர் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை, வாசலில் பூசணிக்காய். "உயிரோட இருக்கிற புள்ளைக்கு மாலை போடுறானுங்களே, இது ஒரு பொழப்பா" என்று என்னிடம் அழுதார், நான் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அந்தப் படம் சுவரில் எட்டு மாதம் இருந்தது. குடும்பத்தில் யாருக்கு என்ன பிரச்சினை வந்தாலும் அதன் முன்னால் வந்து நின்றுதான் அழுவார்கள். "தினமும் ஃப்ரேம்ல இருக்கேன், பத்துப் பைசா கிடையாது" என்பான் ஏணி.

அதற்குப் பிறகும் வேலை வந்தது. வேறு சீரியலில் வக்கீல், ஊர்த் தலைவர், ஒரு வில்லனின் வலது கை. வளசரவாக்கத்தில் வாடகை வீடு, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. முட்டி மழைக்காலத்தில் வலிக்கிறது, அதற்கு மட்டும் அவன் இன்னும் கடலூர் எண்ணெய்தான் தடவுகிறான், எனக்குத் தெரியக் கூடாது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

இரண்டாவது சாயங்காலம் பஜ்ஜித் தட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டேன்: ஆட்டத்தை விட்டால்தான் வருமா, ஆடிக்கொண்டே வருமா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. பேசிவிட்டு, "பழைய கம்பெனிடா. மச்சாண்டார் சாகலையாம், ரெட்டைப் பிறவியாம், இன்னொருத்தன் போலீஸா வர்றானாம்" என்றான். உடனே திருப்பாதிரிப்புலியூர் டெய்லருக்குப் போன் போட்டான். பழைய யூனிஃபார்மில் இடுப்பைப் பிரிக்கத் துணி விட்டிருக்கிறதா என்று கேட்டான். அவர் ரெண்டு அங்குலம் விட்டு வெச்சிருக்கேன் தம்பி, எடுத்துக்கிட்டு வாங்க என்றார்.